தண்ணீர் கழித்த ரப்பர்

மார்ச் 7, வெள்ளி

காலையிலிருந்து மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. சுவா சூ காங்கிலிருந்து ரயிலில் நின்றபடியே வேலைக்கு.

அருங்காட்சியகச் சுவருக்கு ஒரே ஓர் எண் வேண்டும்: வெள்ளைக்காரன் காலத்தில் சிங்கப்பூர் வழியாக மொத்தம் எவ்வளவு ரப்பர் போனது. பல வாரமாக இதே வேலை. இன்று புதிதாக ஒன்று சிக்கியது. பக்கத்துத் தீவுகளிலிருந்து இங்கே வந்திறங்கிய எடை அதிகம். கப்பலேறிய எடை குறைவு. நடுவில் காணாமல் போனதையும் சேர்த்தால் எண் எங்கேயோ போகிறது!

கண்காட்சிப் பொறுப்பாளர் மலர் துள்ளினாள். "அக்கா, கணக்குல காட்டாம கடத்திருக்காங்க! இதான் நம்ம ஹெட்லைன் லா!"

எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மதியம் மீ கோரெங், ஐஸ் மைலோ.

வாங்க: குடை (பழையது பஸ்ஸோடு போச்சு), பல்பு, எலுமிச்சை ஊறுகாய்.

மார்ச் 9, ஞாயிறு

தேக்கா சந்தை. நல்ல கூட்டம். வீட்டுக்காரர் இறால் வாங்கினார், அதாவது சண்டை போட்டார்.

"அண்ணே, தண்ணிய வடிச்சுட்டு நிறுங்க. தண்ணிக்குமா காசு?"

"என்ன சார், ஃப்ரெஷ் இறால் லா. வேர்த்திருக்கு."

சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தத் தீவுகளிலிருந்து வந்தது ஈர ரப்பர். பாலை உறைய வைத்து, கட்டியாக அப்படியே அனுப்பினார்கள். இங்கே ஆலையில் கழுவி, பிழிந்து, காய வைத்த பிறகுதான் கப்பல். காணாமல் போனதில் பெரும்பகுதி தண்ணீர். எனக்குத் தெரியாத விஷயமா? பெரிய எண் மேல் இருந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"என்ன விஜி, இறால் சரியில்லையா?"

"இறால் நல்லாத்தாங்க இருக்கு. என் கணக்குதான் நனைஞ்சு கெடக்கு."

பாவம், ஒன்றும் புரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இறால் தொக்கு பிரமாதம். அதில் குறையில்லை.

மார்ச் 10, திங்கள்

மலரிடம் சொன்னேன். முகம் தொங்கிவிட்டது.

"யாருக்கா செக் பண்ணப் போறா? குறைச்சுப் போட்டா, வெள்ளக்காரங்க பெருசா ஒண்ணும் எடுக்கலன்னு ஆயிடாதா?"

கோபம் வந்தது. "எடுத்தத மட்டும் எழுதுவோம் மலர். எடுக்காத தண்ணிய ஏன் அவன் தலையில கட்டணும்? நாளைக்கு ஒருத்தன் இத ஒண்ணக் கண்டுபிடிச்சாப் போதும், மத்ததெல்லாமும் பொய்ன்னுடுவான்."

வியாழனுக்குள் புது எண். இல்லாவிட்டால் சுவர் காலி. அச்சகத்தில் காத்திருக்கிறார்கள்.

ஊறுகாய் மறந்துபோச்சு.

மார்ச் 13, வியாழன்

வெயில். துணி எல்லாம் மொறுமொறு.

முடிந்தது. ஈர எடை முழுவதையும் காய்ந்த எடையாக மாற்றி, முதலிலிருந்து கூட்டினேன். பழைய எண்ணைவிடக் குறைவுதான். ஆனால் யார் கேட்டாலும் பதில் சொல்லலாம். மனசு லேசு. வெகுநாளைக்குப் பிறகு லிஃப்டில் பாட்டு முணுமுணுத்தேன். பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி சிரித்தார்.

மாலை மலரிடம் தாளைக் கொடுத்தேன். அரை மனதாக வாங்கி, வாய்விட்டுப் படித்தாள். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இது முழுக்கக் காஞ்ச ரப்பராக்கா?"

"ஆமா. ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கழிச்சப்புறமுமா இவ்வளவு?"