அரசப்பனின் பங்கு

ஜனவரி 21, 2025 – செவ்வாய்

இன்று விழுப்புரத்தில் ஊனச் சான்றிதழுக்கான மருத்துவக் குழு. அரசப்பன் அண்ணனும் ஜெயம்மாள் அக்காவும் மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். சாதாரணமாக வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மனுஷர் பொண்ணு பார்க்கப் போவது போல வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை.

கடற்கரைச் சாலையில் கார் மோதி மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டவர். வலது தோளில் நரம்பு போய்விட்டது. கை தொங்குகிறது. கடலுக்குப் போகவே முடியாது. இதைக் கோர்ட்டில் நிரூபிப்பதுதான் என் வேலை. ஆனால் உள்ளே டாக்டர் என்ன கேட்டாலும் "முடியும் சார்" என்றாராம். ஜெயம்மாள் அக்கா வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

நல்லவேளை, நரம்புக்கு வெட்கம் கிடையாது. சான்றிதழில் உள்ளது உள்ளபடி எழுதிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் வைத்து, "முடியாதுன்னு சொல்றதுக்குத்தான்ணே கேஸே போட்டிருக்கோம்" என்று கத்தினேன். சிரித்துவிட்டு எனக்கு டீ வாங்கப் போனார்.

ஜனவரி 22

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேங்கடேசன் சார் ஆஜராகிறாராம். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் எனக்கு பேஜார்.

பிப்ரவரி 5, புதன்

நாளை சாட்சி விசாரணை. திண்டிவனம் ஆபீசில் இருவரையும் உட்கார வைத்துப் பேசினேன். அப்போதுதான் ஜெயம்மாள் அக்கா போகிற போக்கில் ஒன்று சொன்னார். படகு கரைக்கு வந்ததும் மீனைப் பங்கு பிரிப்பார்கள். படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, ஏறிய ஆளுக்கு ஒன்று. அண்ணன் அடிபட்ட நாளிலிருந்து படகுக்காரர் முருகையன் இவர் பெயருக்கும் ஓர் ஆள் பங்கு எடுத்து வைக்கிறாராம். ஒரு நாளும் தவறியதில்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் சமாளிக்கலாம். இரக்கப்பட்டுப் பிறர் கொடுப்பது வருமானம் ஆகாது, சட்டம் நம் பக்கம்தான். "அவங்களா பாத்துக் குடுக்குற உதவி, தர்மம் மாதிரின்னு சொல்லிடுங்கண்ணே" என்றேன். தலையை ஆட்டினார். நம்பிவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது?

கோர்ட்டுக்குப் போனால் வாசலில் முருகையனும் படகு ஆட்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். அரசப்பனுக்குத் துணையாக, தொழிலுக்குப் போகாமல் வந்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. இப்படி ஓர் ஊர் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். கடைசி வரிசையில் சுவரோடு சுவராக நின்றார்கள்.

வேங்கடேசன் சார் மெதுவாக எழுந்தார். குடும்பம் எப்படி இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று சொந்தக்காரர் போல விசாரித்தார். பிறகு, படகில் உங்களுக்கு இன்னும் பங்கு வருகிறதா என்றார். அண்ணன் கடைசி வரிசையை ஒரு தடவை பார்த்தார். "வருதுங்க. ஒரு நாள்கூட நின்னதில்ல." சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

திரும்பக் கேள்வி கேட்க எனக்கு வாய்ப்பு வந்தது. அவர்கள் இரக்கப்பட்டுக் கொடுப்பதுதானே என்று கேட்டேன். மறுபடி கடைசி வரிசையைப் பார்த்தார். நீங்கள் எந்த வேலையும் செய்யாமல்தானே வாங்குகிறீர்கள் என்றேன். சும்மா ஆமாம் என்றால் போதும். ஒரு வார்த்தை! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

"தர்மம் இல்லீங்க, என் பங்கு. சும்மா ஒண்ணும் வாங்கல. வல கட்டிக்கினுதான் கீறேன்."

வலை கட்டுவது ஜெயம்மாள் அக்கா. அண்ணனின் அந்தக் கையால் ஊசியைப் பிடிக்கக்கூட முடியாது. அது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் தலை நிமிரவில்லை. நீதிபதி எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 7

படகு ஆட்களை வெளியே டீக்கடையில் உட்காரச் சொல்லியிருந்தால்? தெரியலை. அப்பவும் அண்ணன் தர்மம்னு சொல்லியிருக்க மாட்டார்னுதான் தோணுது.

மார்ச் 18, செவ்வாய்

தீர்ப்பு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு உண்டு, பட்ட வலிக்கு உண்டு. வருமான இழப்புக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. மனுதாரர் படகில் பங்கு பெறுவதையும் வலை கட்டுவதையும் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார் – அவ்வளவுதான், முடிந்தது. நீதிபதியைக் குறை சொல்லவும் வழியில்லை. சொன்னதைத்தானே எழுதியிருக்கிறார். சட்டத்தை எடுத்துக்காட்டி நான் எழுதிக்கொடுத்த பக்கங்களெல்லாம் "வலை கட்டுகிறேன்" என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கவில்லை.

வேங்கடேசன் சார் படிக்கட்டில் நின்று, "உங்க ஆளு நல்ல மனுஷர் மேடம்" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் எரிச்சல்.

கோட்டக்குப்பம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ரமலான் நோன்பு வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். ஜெயம்மாள் அக்கா போன் செய்து, எப்படிம்மா தோத்தோம் என்றார். கோபம், களைப்பு. பங்கு வாங்குறதாலதான் தோத்தோம் என்று சொல்லிவிட்டேன். அப்பீல் போடலாம் என்றும் சொன்னேன். முதலில் சொன்னதுதான் அவர் காதில் விழுந்திருக்கும்.

ஏப்ரல் 9, புதன்

அரசப்பன் அண்ணன் தனியாக வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. முகம் தெளிவாக இருந்தது, ஏதோ பெரிய வேலையை முடித்துவிட்டு வந்தவர் போல.

பங்கை நிறுத்திவிட்டாராம். கரையில் எல்லோர் முன்னாலும், இனி என் பெயருக்கு மீன் எடுத்து வைக்காதே என்று முருகையனிடம் சொல்லியிருக்கிறார். முருகையன் காரணம் கேட்டதற்கு இவர் கத்த, அவர் கத்த, பெரிய சண்டையாகி இப்போது பேச்சுவார்த்தை கிடையாது.

"இப்ப எழுதுங்க வக்கீலம்மா. பங்கு இல்லன்னு எழுதுங்க. இப்ப அது நெசம்."

அன்று கூண்டில் சொன்னது சொன்னதுதான், மேல்கோர்ட்டில் அதைத்தான் படிப்பார்கள், இன்று நிறுத்தியதைக் கேஸுக்காக நிறுத்தியதாகவே பார்ப்பார்கள் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப போய் திரும்பக் கேக்கணுமா?"

நான் வேண்டுமானால் முருகையனிடம் பேசட்டுமா என்றேன்.

"வேணாங்க. நீங்க பேசி வாங்கிக் குடுத்தா அது தர்மமாயிடும்."

அவர் போன பிறகு யாரையும் பார்க்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

ஏப்ரல் 11

அப்பீல் காகிதங்களைச் சென்னைக்கு அனுப்பினேன். எப்போது எடுப்பார்களோ.

மே 4, ஞாயிறு

ஜெயம்மாள் அக்கா உப்பளத்து வேலைக்குப் போகிறாராம். போனில் அவரே சொன்னார். என்னைத் திட்டியிருக்கலாம். கண்ணு கூசுதும்மா, வேற ஒண்ணுமில்ல என்றார். நான் கருப்புக் கண்ணாடி வாங்கித் தரட்டுமா என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்தபின் புதிய கட்சிக்காரர். கூட்டேரிப்பட்டு பாஞ்சாலி அக்கா. நெடுஞ்சாலை ஓரம் இட்லிக் கடை. வேன் ஏறி இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். நன்றாகப் பேசுகிறார், இரண்டு இடத்தில் என்னைச் சிரிக்கவும் வைத்தார்.

இப்போது சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். பக்கத்துக் கடைப் பெண்கள் முறை போட்டு இவர் கடையையும் நடத்துகிறார்களாம். சாயந்திரம் வரும்படியைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்களாம். "நான் போய் கல்லால குந்திக்கினாப் போதும்மா. என் கடை ஓடிக்கினு கீது." அதே பெருமை. அதே முகம்.

பேனாவை மூடி வைத்தேன்.

கோர்ட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்றேன். கடை இல்லை, வியாபாரம் இல்லை, அவர்கள் போடுகிற தர்மத்தில் சாப்பிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். எங்கே, இப்போது ஒரு தடவை சொல்லுங்கள் என்றேன்.

பாஞ்சாலி அக்கா ஊன்றுகோலைப் பார்த்தார். "அது என் கடைம்மா" என்றார்.

விடவில்லை நான். திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டு சொன்னார், எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, அக்கா" என்றேன்.