புது விசையும் பூசிய சந்தனமும்

அழலாய் எழுந்து, அடியவர் பொருட்டு மலையாய்க் குளிர்ந்தமர்ந்த அண்ணாமலையான் திருவடி சிந்தையில் நிற்க, இம்மடலைத் தொடங்குகிறேன்.

அன்புள்ள பாய்,

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த துப்பாக்கியை இன்று காலை மீட்டு வந்தேன். உறையைத் திறந்ததும் கிராம்பு மணந்தது. துப்பாக்கி எண்ணெயில் நீங்கள் கலக்கும் அந்த இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலம். நீங்கள் மறைந்து இரண்டாண்டுகள் ஆகியும் மணம் மறையவில்லை.

என் தந்தையார் வேட்டைக்கு வைத்திருந்தது அது; ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்போன்ற போல்ட்டை இழுத்து மூடும் துப்பாக்கி. வேட்டை ஒழிந்த பின் சுடுதளத்து அட்டைகளை மட்டுமே துளைத்து வந்தது. முதுமையில் என் விரல் மூட்டுகள் இறுகின. பழைய விசையை இழுப்பதே பாடாயிற்று. வேறொரு கம்பெனியின் இலகுவான விசையை வாங்கிக்கொண்டு, உரிமம் பெற்ற உங்கள் பழுதுக்கடைக்கு வந்தேன். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தீர்கள்.

"ரொம்ப லேசா வெக்க மாட்டேன் சாமி. நீங்க தும்முனா வெடிக்கக் கூடாது பாருங்க."

பொருத்தி, வெறுந்துப்பாக்கியைப் பலமுறை சோதித்து, மனநிறைவுடன் தந்தீர்கள். மூன்றாம் நாள் ஆயுத பூசை. பதிகம் ஓதி, துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் சாத்தினேன். புதிதாய் வந்த உறுப்பு என்பதால் விசைக்குச் சற்றுத் தாராளமாகவே சாத்தினேன்.

மறுவாரம் சுடுதளத்தில், குழலை மண்மேட்டுக்கு நேரே வைத்துப் போல்ட்டை மூடினேன். விரல் விசையைத் தொடவேயில்லை, வெடித்துவிட்டது. குண்டு மண்ணில் புதைந்ததால் ஒருவருக்கும் தீங்கில்லை. எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தின் செயலாளர் முகம் சிவந்தார்.

"அந்த பாய் மாட்டுன ட்ரிக்கரால வந்த வினை இது. இனிமே சங்கத்துத் துப்பாக்கி ஒண்ணு கூட அவர் கடைக்குப் போவக் கூடாது. மேல எழுதிப் போட்டா அவர் லைசென்ஸே போயிடும்."

நானும் உங்களைத்தான் ஐயுற்றேன்.

அன்று பிற்பகலே செயலாளரும் நானும் உங்கள் கடைக்கு வந்தோம். நீங்கள் விசையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தீர்கள். ஊசியால் எதையோ சுரண்டி உள்ளங்கையில் மூடிக்கொண்டீர்கள். பிறகு செயலாளரைப் பார்த்து, "என் கை தப்புதாங்க. சரி பண்ணித் தரேன்" என்றீர்கள். அவர் விறுவிறுவென வெளியேறினார்.

அதன் பின்பே கையை விரித்தீர்கள். காய்ந்த சந்தனத் துணுக்குகள்.

"இன்னா சாமி, பூசை பண்ணீங்களா, இல்ல இதுக்கு அபிஷேகமே பண்ணிட்டீங்களா? சந்துல போயி கெட்டியா ஒக்காந்துக்கிச்சு. ட்ரிக்கர் திரும்பி வந்து கொக்கிய புடிக்கவே இல்ல. அதான் நீங்க தொடாமலே வெடிச்சிருக்கு."

"என் பிழையை நீங்கள் ஏன் ஏற்றீர்கள்?" என்றேன்.

"உங்க பூசைய வெச்சு நாலு பேரு சிரிப்பாங்க. அது எனக்குப் புடிக்கல. என்னைத் திட்டுனா திட்டிட்டுப் போறாங்க."

உங்கள் பிழைப்பும் பேரும் அந்த ஒரு சொல்லில் தொங்கியது நம் இருவருக்கும் தெரியும். இத்தனை ஆண்டுகள் ஓதியவற்றில் எதுவும் என்னை அப்படி உலுக்கியதில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் செங்கம் சாலையில் ஓடி, ஆட்டோவில் ஏறவிருந்த செயலாளரை நிறுத்தி உண்மையைச் சொன்னேன்.

அவர் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "துப்பாக்கிக்கே சந்தனக் காப்பா? நல்ல ஆளு சாமி நீங்க!" உடனே திரும்பி வந்து உங்களிடம் மன்னிப்புக் கேட்டார். சங்கத்துத் துப்பாக்கிகள் கடைசிவரை உங்கள் மேசைக்குத்தான் வந்தன. என்னைக் கண்டால் சங்கத்தார் இன்றும் நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது.

"அடுத்த வருசம் பொட்டு மட்டும் துப்பாக்கியோட மரப்பிடியில வெய்யுங்க சாமி, சாமி கோச்சுக்காது" என்றீர்கள். அவ்வாறே செய்து வருகிறேன்.

வீட்டில் ஒன்று பழுதானால் யார் செய்தது என்று அதட்டுபவனாக இருந்தேன். இப்போது முதலில் என் கையைப் பார்க்கிறேன். சென்ற மாதம் கோயில் அன்னதானத்துக்கு இலை போதாமல் போனபோது, கணக்கைத் தவறாய்ப் போட்டவன் நானே என்று எல்லார் முன்னும் எழுந்து சொன்னேன். குரல் நடுங்கவில்லை. 'என் கை தப்பு' என எனக்காக நீங்கள் பொய்யாய்ச் சொன்னதை, இன்று என்னாலேயே மெய்யாய்ச் சொல்ல முடிகிறது, பாய்.

நீங்கள் இருக்குமிடத்தில் இறையருள் சூழ்க. உங்கள் இல்லத்தாரும், இதனைப் படிப்போரும், அவர்தம் மனையில் உண்டு உறங்கும் அனைவரும் அச்சமின்றி, குறைவின்றி, ஒருவரையொருவர் தாங்கி வாழ்க.