மறுபடியும் ஒருமுறை சாக வேண்டும்

இரண்டு நாள் ரயில் பயணம் தள்ளிப் போயும் என் தொல்லைக்குத் தப்பாத அக்கா மகள் சின்னிக்கு, இறந்தும் இறவாத உன் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் அமரர்.

இதில் நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். எங்கள் பெயிண்ட் கடையில் அடுக்கி வைத்திருக்கும் அத்தனை டப்பாக்களின் மேலும் கை வைத்து இந்த உறுதியைத் தருகிறேன். செய்தி இதுதான். உன் மாமாவாகிய நான் சினிமா நடிகனாகி, உலகப் புகழ் அடைந்து, செத்தும் போனேன். அடுத்த மாதம் படம் வெளியாகும் அன்று மறுபடியும் ஒருமுறை சாக வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

போனில் சொல்லலாமே என்பாய். போன் இப்போது உன் அத்தையின் கையில் இருக்கிறது. அவள்தான் என் மேனேஜர். யார் கூப்பிட்டாலும், "சார் ரெஸ்ட்ல இருக்காரு, நீங்க எந்தச் சேனல்?" என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'இங்க பாருங்க' என்று மட்டுமே கூப்பிட்டவள் வாயால் 'சார்' என்று கேட்டபோது, வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

கதை கடையில் ஆரம்பித்தது. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, அதையே சட்டைப் பையில் தேடும் ஒரு டைரக்டர் தங்க நிறப் பெயிண்ட் வாங்க வந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "சார், உங்க முகத்துல ஒண்ணுமே இல்ல சார்! துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. இதத்தான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். என் முகத்தை ஒருவர் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. உடனே ஒப்புக்கொண்டேன்.

படம் நையாண்டிப் படமாம். ஒருவன் பெரும் புகழ் பெறுகிறான். எதற்காக என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் தன்னை மட்டம் என்று நினைப்பார்களோ என்று யாரும் கேட்பதும் இல்லை. கடைசியில் அவன் சாகிறான். ஊரே அழுகிறது, எதற்காக என்று அப்போதும் தெரியாமலே. "புகழ்ங்கிறது வெறும் காத்து சார். அதோட முகமூடியக் கிழிக்கப் போறோம்" என்றார் டைரக்டர். சினிமாக்காரர்கள் கடைசிக் காட்சியை முதலில் எடுப்பார்களாம். அதனால் நடிகனான முதல் நாளே நான் சாகும்படி ஆயிற்று.

நடுத் தெருவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. சுற்றிலும் தங்கச் சட்டம். என்னை உள்ளே படுக்கவைத்து மூடினார்கள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஓடும் கோடு காமிராவில் தெரிகிறது என்று யாரோ குறை சொல்ல, செட் போடும் ஆள் ஓடி வந்து, அந்தக் கோட்டின் மேலேயே சுற்றி ஒரு கை தங்கம் பூசிவிட்டான். நான் விற்ற பெயிண்ட்தான். "வெயில்ல வெச்சீங்கன்னா இரும்பு மாதிரிப் பிடிச்சுக்கும், கவலையே படாதீங்க" என்று சொல்லி விற்றிருந்தேன். அன்றைக்கு அடித்த வெயிலில் மேகமே வியர்த்தது.

பிறகு இறுதி ஊர்வலம். ஏழு லட்சம் பேர்! உன் அத்தையைக் கேட்டால் எழுபது பேர் என்பாள். அவள் எட்டிப் பார்த்து எண்ணிவிட்டு வீட்டுக்குப் போன நேரத்தில் மீதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். கூட்ட நெரிசலில் வானத்தில் மூன்று விமானங்கள் போக வழியில்லாமல் நின்றுவிட்டன. அழுவதற்கென்று கூட்டி வந்தவர்கள் பாதி. அவர்கள் அழுவதைப் பார்த்துத் தாங்களும் அழுதவர்கள் மீதி. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் "யாருங்க போயிட்டாரு?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர் மூக்கைச் சிந்திக்கொண்டே, "தெரியலீங்க. ஆனா இந்த மாதிரி ஒரு மனுஷன் இனிமே பொறக்க முடியாது" என்றார். உள்ளே கிடந்த எனக்கே துக்கம் தாளவில்லை.

சின்னி, இதன் பிறகு எனக்கு வேடிக்கையாக எழுத வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பெயிண்ட் வாசனைதான் ஏறியது. பிறகு, உள்ளே இருந்த காற்றை நான் ஏற்கெனவே ஒரு தடவை மூச்சுவிட்டு முடித்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் பனி படிந்து வெளியே இருந்தவர்கள் கலங்கலாகத் தெரிந்தார்கள். மூடியைத் தள்ளினேன். அசையவில்லை. முழங்காலால் தள்ளினேன். பிறகு தட்டினேன்.

எல்லோரும் பார்த்தார்கள். அதுதான் என்னை இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது. ஒருவர்கூடப் பார்க்காமல் இல்லை. "டேய், கை அசையுதுடா! எடு, எடு!" என்று ஒரு சத்தம். அத்தனை கைகளும் போனோடு மேலே போயின. ஒருவன் கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து என்னோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டான். இன்னொருவன் குனிந்து, "அண்ணே, இன்னொரு தடவ தட்டுங்கண்ணே, சரியா விழல" என்று கெஞ்சினான். நான் தட்டினேன். அவனுக்காக இல்லை. தூரத்தில் டைரக்டர், "அற்புதம், விடாதீங்க!" என்று கத்துவது கேட்டது.

என் மனைவியாக நடிக்க, யூனிட்டுக்கு டீ போடும் அம்மாவுக்கு வெள்ளைப் புடவை கட்டி நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடிமேல் விழுந்து அழுவது அவர் வேலை. விழுந்தவர் என் கண்ணைப் பார்த்தார். அழுகையை நிறுத்தினார். "அட பாவிகளா, நடிப்பு இல்லடா! மனுஷன் நிஜமாவே திணறுறாரு!" என்று கத்திக்கொண்டே, கொண்டை ஊசியை உருவி அந்தத் தங்கக் கோட்டைக் கீறினார். அவர் கத்தியதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டு கூட்டம் விசிலடித்தது.

மூடி திறந்தது. எழுந்து உட்கார்ந்தேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். டைரக்டர் ஓடி வந்து கட்டிப் பிடித்தார். "சார், எப்படி சார் தட்டணும்னு தோணிச்சு?" என்றார். எனக்கு இன்னும் மூச்சே சரியாக வரவில்லை. அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். "தோணிச்சு" என்று சொல்லிக் கை கூப்பினேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் பெயிண்ட் கேட்பதில்லை. கல்லாவின் கண்ணாடியை டொக் டொக் என்று தட்டிவிட்டுச் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வருகிறது. நானும் சிரித்துவைக்கிறேன். குளியலறைக் கதவைச் சாத்த முடியவில்லை. செங்கல் முட்டுக்கொடுத்துத் திறந்துவைத்தே குளிக்கிறேன். "பெரிய ஆளுங்கன்னா இப்படி ஏதாச்சும் ஒரு பழக்கம் இருக்கும்" என்று உன் அத்தை பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

படம் வெளியாகும் அன்று தியேட்டர் வாசலில் அதே பெட்டியை வைக்கிறார்களாம். நான் உள்ளே படுக்க வேண்டும், ரசிகர்கள் வரிசையில் வருவார்கள், நான் தட்ட வேண்டும். மூடியில் நாலு ஓட்டை போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "ஓட்டை தெரிஞ்சா அந்த ஃபீல் போயிடும் சார். நீங்க நடிப்புலயே பின்னிடுவீங்க" என்றார் டைரக்டர். இப்போது யோசித்துப் பார். நடித்தாலும் தட்டுவேன், மூச்சு முட்டினாலும் தட்டுவேன். வெளியே நிற்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தத் தடவை அந்த டீ போடும் அம்மாவும் இருக்கமாட்டார். அவர் வேறு படத்துக்குப் போய்விட்டார்.

உன் அத்தையிடம் மெதுவாக, பயமாக இருக்கிறது என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சர்க்கஸ் சிங்கத்துக்குத் தலை வாரிவிட்ட ஆளு, கண்ணாடிப் பெட்டிக்குப் பயப்படுறாராம்! போங்க, போய்த் தூங்குங்க" என்றாள். அந்தச் சிங்கக் கதையை அவளிடம் சொன்னதே நான்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அதனால் நீ ஒரு பொய் சொல்ல வேண்டும், கண்ணு. படம் வெளியாவதற்கு முந்தின வாரம் அத்தையைக் கூப்பிட்டு, எனக்கு உடம்பு சரியில்லை, மாமா உடனே வந்தாக வேண்டும் என்று சொல். நான் சொன்னால் எடுபடாது. நீ சொன்னால் அன்றைக்கே என்னை ரயிலேற்றிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் ஜன்னலை யார் உடைத்தது என்று யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்று, நான்தான் என்று சொன்னவள் நீ. உனக்கு இது கஷ்டம்தான். என்ன வியாதி என்று யோசித்துத் தடுமாறாதே, காய்ச்சல் போதும்.

விமானங்கள் நின்றது பொய். ஏழு லட்சம் பேர் பொய். உலகப் புகழும் நாலு தெரு தாண்டாது. ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம், சின்னி. நான் தட்டியது நடிப்பு இல்லை.

நீ நன்றாக இரு. நீ போய்ப் படுக்கும் எந்த அறையும் உள்ளிருந்தே திறக்கட்டும். மறக்காமல் கூப்பிடு.

இப்படிக்கு,
இன்னும் மூச்சுள்ள
உன் மாமா