ஈ சாகாத சட்டி

1967 ஆகஸ்ட் 4
வெயில் கொளுத்துகிறது. காலேஜ் லேபில் காற்றே இல்லை. சித்தையன்கோட்டையிலிருந்து அண்ணன். கையில் ஒரு கத்தை கடலைச் செடி, எல்லாம் மஞ்சள். வேரைக் கழுவிப் பார்த்தேன். முடிச்சு ஒன்றுகூட இல்லை. முடிச்சுக்குள் இருக்கிற பாக்டீரியாதானே செடிக்குச் சத்துப் பிடித்துக் கொடுப்பது!

"விதைக்கு என்னண்ணே போட்டே?"

"எறும்பு திங்காம இருக்க பி.எச்.சி. பூச்சி மருந்துத் தூளைப் பெரட்டி விதைச்சேன். புழுவுக்குன்னு மண்ணுலயும் அள்ளி எறைச்சேன். எல்லாரும் செய்யறதுதான புள்ள."

அந்த விஷம்தான் பாக்டீரியாவைக் கொன்றிருக்கிறது. பெருமை வேறு! மண்டையில் ஒரு குட்டு வைக்கலாம் போல வந்தது. மேட்டு வயல் செத்துப்போச்சாம். மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு வெட்டக் கொடுக்கப் போகிறானாம். அப்பா திருத்திய வயல். அதற்குமுன் ஒரு மூட்டை மண் எனக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

ஆக. 6, ஞாயிறு
சர்ச் பூசைக்குப் போகவில்லை. அம்மா கேட்டால் தலைவலி. அண்ணன் வயல் மண், நாலு சட்டி:
1. காய்ந்த மண், அப்படியே.
2. தண்ணீர் கட்டிய சேறு.
3. அதே சேறு, குக்கரில் அவித்தது. பாக்டீரியா காலி.
4. சேறு, மேலே இன்னும் ஒரு கை தூள்.

தண்ணீர் நின்றால் சேற்றுக்குள் காற்று இராது. அங்கே வாழும் பாக்டீரியா தூளிலிருக்கும் குளோரினைக் கழற்றிவிடும், விஷம் முறியும் என்பது என் கணக்கு. சோதிக்கக் கருவி கிடையாது. ஈ இருக்கிறது. மண்மேல் விட்டு மூடினால், செத்தால் விஷம்.
தேவை: மல் துணி, வெல்லம், கறிக்கடை ஈ.

ஆக. 19
தூறல். சட்டி 2 குமிழ் விடுகிறது, சாக்கடை நாற்றம். சட்டி 4இல் குமிழே இல்லை. தூள் மிஞ்சினால் அதை முறிக்க வேண்டிய பாக்டீரியாவே செத்துப்போகிறது, பாவம்.
துறைத்தலைவர் எட்டிப் பார்த்து, "ஈ வளக்கவாம்மா சம்பளம்?" சிரித்துவைத்தேன். மனசுக்குள் நாலு வார்த்தை.
அண்ணி சொல்லி அனுப்பியிருக்கிறாள்: சூளை வண்டி செப். 11 வருகிறதாம்.

செப். 9
அண்ணனை இழுத்துவந்தேன். "ஈயப் பாக்கவா என்னைய பஸ் ஏத்துனே?" காலையில் ஈ விட்டோம். சாயங்காலம் திறந்தால், சட்டி 1 எல்லாம் மல்லாக்க. 3 மல்லாக்க. 4 கேட்கவே வேண்டாம். சட்டி 2? நடக்கிறது! வெல்லம் நக்குகிறது! பறக்கிறது!

கத்தியே விட்டேன். துறைத்தலைவர் ஓடிவந்தார். குனிந்து பார்த்தார், மறுபடி பார்த்தார். "அவிச்ச சேத்துல செத்திருக்கே. அப்ப இது தண்ணியோட வேலை இல்ல..."

"பாக்டீரியா வேலை சார்!"

அண்ணன் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப மண்ணு சாகலையா புள்ள?"

"சாகலண்ணே. நீதான் கழுத்தப் பிடிச்சிருந்தே. தண்ணி கட்டி நெல்லு போடு. தூளத் தொட்டே, கொன்னுபுடுவேன்."

ஜெயித்துவிட்டேன். சோறு இறங்கவில்லை, அம்புட்டு சந்தோஷம்.

செப். 11
லீவு. முதல் பஸ்ஸில் ஊர். வயல் வரப்பில் சூளை வண்டி. கிணற்று மோட்டார் ஓடுகிறது, வயல் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். வண்டிக்காரர் கத்துகிறார்: "ஏப்பா, மண்ணு வெட்ட வரச் சொல்லிட்டுத் தண்ணிய விட்டு வச்சிருக்கே?"

நடுவயலில் மண்வெட்டியோடு அண்ணன். "மண்ணு குடுக்கறதா இல்ல. உசுரோட இருக்கு. வண்டியத் திருப்பு."

திருப்பினார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நானும் இறங்கிவிட்டேன். புடவை முழுக்கச் சேறு.