தம்பியின் வேலியில் மின்சாரம்

ஜூலை 8, திங்கள்

சாரல். கேத்திப் பள்ளத்தாக்கு காலையிலிருந்து கண்ணில் படவில்லை. வெள்ளியன்று கல்லூரியில் உரை: மின்சாரம் கண்டறியப்பட்ட வரலாறு.

குறிப்பு: இத்தாலியர் ஒருவர். செத்த தவளையின் கால், இரு உலோகங்கள் பட்டதும் துடிப்பு. மின்சாரம் உயிருக்குள் இருக்கிறது என்றார். இன்னொருவர் மறுத்தார், உலோகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் அடுக்கிக் காட்டினார். முதல் மின்கலம். பிறந்ததே ஒரு சண்டையில்.

குடைக்கம்பி முறிந்துவிட்டது. மாற்ற வேண்டும்.

9, செவ்வாய்

தம்பி சுந்தரம் கேரட் தோட்டத்துச் சோலார் வேலியைத் துண்டித்து, மோட்டார் அறையிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்திருக்கிறான். காட்டுப்பன்றிக்காம். சோலார் வேலி விட்டுவிட்டு அடிக்கும், அந்த இடைவெளியில் பிராணி விலகிக்கொள்ளும், ஆகவே சாகாது என்று போன மாதம் அவனுக்கு விளக்கியவன் நான்.

"நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க, அது உட்டு உட்டு அடிக்குதுன்னு. அதான் பன்னி மறுக்கா மறுக்கா வருது. இது உடாது, பாருங்க."

விடாதுதான்.

கேரட் பிடுங்கக் கூலிக்கு வரும் கமலாவும் மற்றப் பெண்களும் இருட்டோடு அந்த வரப்பில்தான் போகிறார்கள். கழுவி மூட்டை கட்டி, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் லாரியில் ஏற்ற வேண்டும். சொன்னேன். அவர்கள் வருமுன் நிறுத்திவிடுவானாம். தூங்கிப்போனால்? சிரித்தான். மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டு. சாவி அவன் இடுப்பில்.

10, புதன்

மின் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னேன். மாலையில் லைன்மேன் வந்தார். அதற்குள் கம்பி சுருட்டப்பட்டிருந்தது. தம்பி மனைவி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். இருட்டியதும் கம்பி பழைய இடத்தில்.

காவல் நிலையம் போனால் தம்பிக்குச் சிறை. இரண்டு பெண் குழந்தைகள். போகவில்லை.

கமலாவை எச்சரித்தேன்.

"ஏனுங்க சார், கம்பியப் பாத்துப் பயந்தா கஞ்சிக்கு எங்கீங்க போறது? அதான் தலையில லைட்டு கட்டியிருக்கறமே."

அந்த விளக்கில் தெரிவது மூடுபனி மட்டும்.

11, வியாழன்

விடியுமுன் டார்ச்சுடன் வரப்பு முனையில் நின்றேன். பெண்களை ஓடைப்பக்கமாகச் சுற்றி அனுப்பினேன். முணுமுணுப்பு. "வாத்தியாருக்குத் தூக்கம் வரல போல" என்று ஒருத்தி. காலுறை நனைந்து சளி.

12, வெள்ளி

விடியலில் வரப்பு. பிறகு உரை. மின்விளக்கு வியாபாரி ஒருவரின் ஆட்கள், போட்டியாளரின் மாறுமின்னோட்டம் ஆபத்தானது என்று நிறுவ, மேடையில் நாய்களுக்கு அதைப் பாய்ச்சிக் கொன்ற கதையையும் சொன்னேன். மாணவர்கள் கைதட்டினார்கள். சால்வை. அரங்கில் சுந்தரமும் முன்வரிசையில், பெருமையாக.

13, சனி

பன்றி விழுந்துவிட்டது. ரகசியமாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். எனக்கும் மூடிய பாத்திரத்தில் கறி. திருப்பி அனுப்பினேன். தம்பி பாராட்டு மழையில்.

மாலை, பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூவர் வீட்டுக்கு வந்தார்கள். தங்கள் வேலிக்கும் நேரடி இணைப்பு வேண்டுமாம். எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். அனுப்பியவன் சுந்தரம்: "அண்ணன்கிட்டக் கேளுங்க, காலேஜுல அதத்தான் சொல்லிக் குடுக்கறாரு."

முடியாது என்றேன், ஆள் சாகும் என்றேன். பரவாயில்லைங்க சார், தம்பியையே பார்த்துப் போடச் சொல்கிறோம் என்று மரியாதையாக எழுந்து போனார்கள்.

நான்கு தோட்டங்களுக்கும் வரப்பு வேறு வேறு. நாளை விடியலில் எதில் நிற்பது?