பதினொன்றாம் நம்பர் வரிசை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதினொன்றாம் நம்பர் பயறு இங்கே விளையாது என்று உங்கள் நிலையத்தில் நீங்கள் தள்ளியது அநியாயம். அது விளைந்தது, முற்றுவதற்குள் நீங்கள் அறுத்துவிட்டீர்கள். இதைச் சொன்ன பிறகுதான் நலம் விசாரிக்க மனம் வருகிறது. நானும் அப்பாவும் சுகம், படியேறினால் மட்டும் அவர் முழங்கால் முனகுகிறது, நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு.

உங்கள் ஆராய்ச்சி நிலையம் நம் தோட்டத்தில் பன்னிரண்டு தட்டைப்பயறு ரகங்களை, ரகத்துக்கு மூன்று வரிசையாக, போடச் சொன்னது எதற்கு? இதுபோன்ற குளிர்ந்த மேட்டு நிலத்துக்கு எது ஒத்துவரும் என்று பார்க்கத்தானே. தொண்ணூறாம் நாள் உங்கள் நிலையத்து அலுவலர், அந்தக் கண்ணாடிக்காரர், தராசும் சாக்குமாக வந்து இறங்கினார். பதினொன்று அப்போது பச்சைக் காயாகத் தொங்குகிறது, உள்ளே பால்கூடக் கட்டவில்லை. "வண்டி இன்னைக்கு ஒரு நாள்தாம்மா, விதிமுறைத் தாள்லயும் தொண்ணூறாம் நாள் அறுப்புன்னுதான் போட்டிருக்கு" என்றார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பரீட்சை வைப்பீர்களா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இரண்டு வரிசையை அறுத்துவிட்டார். மூன்றாவது வரிசைக்குள் போய் நான் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்திருப்பவளை அறுக்க முடியாதே, போய்விட்டார். பயறுக்கு வக்கீலாகிவிட்டாயா என்று உன் அப்பா இன்றுவரை கேலி செய்கிறார்.

நூற்றுப்பத்தாம் நாள் அந்த வரிசை நெற்றாகிக் கலகலத்தது. உடைத்து நிறுத்தேன், இரண்டு கிலோ தொள்ளாயிரம். நீங்கள் முதலிடம் கொடுத்த நாலாம் நம்பரின் நல்ல வரிசையே இரண்டு கிலோ நூறுதான், அதிலும் பாதிச் செடியை அசுவினிப் பூச்சி மொய்த்திருந்தது. ஒரு வரிசையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பாய், எனக்கும் தெரியும், நீ விட்டுப்போன புத்தகங்களை நானும்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதனால்தான் மறுபடி போடச் சொல்கிறேன்.

போன வாரம் உன் தம்பி போனில் பெருமையாக, "அந்தத் தாளையே அக்காதாம்மா தயார் பண்ணினா" என்றான். அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்துபோய், அந்த வரிசையின் விதையைப் போட்டு வைத்த டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். உன் வெயிலூருக்குத் தொண்ணூறு சரி. இங்கே இந்த ரகத்துக்கு முதல் பூவே அறுபத்தொன்றாம் நாள்தான். நாள்வாரியாக நோட்டில் எழுதி, அந்தப் பக்கங்களை உனக்குப் படம் பிடித்து அனுப்பினேன். "சூப்பர்மா" என்று பதில் போட்டாய். நீ படிக்கவில்லை. பெற்ற மகள் என்பதற்காக இதை நான் விடுவதாக இல்லை.

நல்லபடியாக இரு, கை வைத்தது துலங்கட்டும். ஆனால் மாதக் கடைசியில் நீங்கள் தேர்ந்த ரகங்களின் பட்டியல் மேட்டு ஊர்களுக்குப் போவதற்குள் அதை நீ நிறுத்த வேண்டும். ரகம் முற்றும் நாளில்தான் அறுப்பு என்று தாளை நீயே திருத்த வேண்டும். கண்ணாடிக்காரர் வந்து என் நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா வேலி கட்டுவார், கேலியோடுதான். தம்பி தராசு கொண்டுவருவான். டப்பாவை நான் யாரிடமும் கொடுக்கமாட்டேன். அதைத் திறந்து விதைக்கவும், அறுபத்தொன்றாம் நாள் வரிசையில் நின்று பூவை எண்ணவும் நீதான் வர வேண்டும்.

இப்படிக்கு,
வரிசையை விட்டு இன்னும் எழுந்திருக்காத
உன் அம்மா