பெயர் ஒட்டாத ஸ்லைடு

பிப்ரவரி 4
அன்புள்ள அப்பாவுக்கு,
இங்கே ஒருவருக்கு வலது முன்கையில் கட்டி. மூன்றே வாரத்தில் எலுமிச்சை அளவு வளர்ந்துவிட்டது. ஊசி குத்தி எடுத்த செல்களைப் பார்த்த எங்கள் லேப் டாக்டர், சார்கோமா, புற்றுதான் என்கிறார். அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. தசையோடு எடுத்தால் அந்தக் கை பேனாகூடப் பிடிக்காது. நீங்களும் செல் பார்த்து நோய் சொல்லும் டாக்டர்தானே; அந்தச் செல்கள் பூசிய கண்ணாடி ஸ்லைடுகளை உங்கள் மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போல் நோயாளியின் பெயர் ஒட்டவில்லை. பெயர் தெரிந்தால் உங்களுக்கு முடிவு சொல்ல வராதே. மழை பெய்கிறதா என்றாலே, "பெய்யற மாதிரி இருக்கு, உறுதியா சொல்ல முடியாது" என்பவர் நீங்கள். இந்த முறை ஒரே பதில் வேண்டும்.
சின்னக்குட்டி

பிப்ரவரி 9
சின்னக்குட்டிக்கு,
திரும்பத் திரும்பப் பார்த்தேன். செல்கள் வேகமாகப் பெருகுகின்றன; அதைக் கண்டுதான் உங்கள் டாக்டர் மிரண்டிருக்கிறார். ஆனால் கோணலாகப் பிரியும் செல் ஒன்றுகூட இல்லை. உட்கருக்கள் எல்லாம் ஒரே சாடை. அவசரக் கூட்டம், கலவரக் கூட்டம் இல்லை. இது தானாக வந்து தானாக அடங்கும் கட்டி. வெட்ட வேண்டாம். ஒரு மாதம் பொறுங்கள், சுருங்கும். மாப்பிள்ளை ஏன் போனை எடுப்பதில்லை?
அப்பா

பிப்ரவரி 13
அப்பா,
கோபப்படாதீர்கள். அது உங்கள் மாப்பிள்ளையின் கைதான். "மாமாகிட்ட சொல்லிடாதே, எனக்கு முன்னாடி அவர் போய் ஆஸ்பத்திரில படுத்துக்குவார்" என்றார். அறுவையைத் தள்ளிவைத்துவிட்டோம். தினமும் அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.
சின்னக்குட்டி

பிப்ரவரி 16
அம்மாடி,
நான் எழுதியதைக் கிழித்துப் போடு. நீ எழுதியதைப் படித்ததும் ஸ்லைடை மறுபடி வைத்தேன். இப்போது ஒவ்வொரு செல்லும் கெட்டதாகத் தெரிகிறது. என்னை நம்பிப் பொறுத்திருந்து, அது நுரையீரலுக்குப் பரவிவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? கை போனால் போகட்டும், ஆள் இருக்கட்டும். வெட்டச் சொல்லிவிடு.
அப்பா

மார்ச் 11
அன்புள்ள அப்பாவுக்கு,
உங்கள் முதல் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஸ்லைடை முதலில் பார்த்த நீங்கள் டாக்டர். மறுபடி பார்த்த நீங்கள் மாமனார். நாங்கள் அந்த டாக்டர் பேச்சைக் கேட்டோம், வெட்டவில்லை. உடனே பதில் போடாததற்கு மன்னியுங்கள். உறுதியில்லாமல் எழுத எனக்கும் கை வரவில்லை, உங்கள் மகள்தானே. நேற்று அளந்தேன். கட்டி சுண்டைக்காய் அளவுகூட இல்லை.
சின்னக்குட்டி

மாமா, இதை வலது கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். கட்டி வருவதற்கு முன்பும் இதே கோணல்தான்.
உங்கள் மாப்பிள்ளை